ஒரு தலையின் மனு

அனுப்புநர்:
ஒரு தலை (இருசக்கர வாகனத்தில் செல்வது),
நாகல் நகர், திண்டுக்கல்.

பெறுநர்:
உயர்திரு அரசுச் செயலாளர் அவர்கள்,
உள், மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

பொருள்: தலைக்கவசம் – தலையின் சுதந்திரம் – சில விலக்குகளும் சில தகவல்களும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 129. 2. அபராதத்தை உயர்த்திய 2022 அக்டோபர் மாத அரசாணை. 3. பழனி ரோட்டில் ஏட்டய்யா என்னைப் பார்த்த பார்வை.

ஐயா,

பார்வை மூன்றுக்கு நான் சொன்ன பதில், இந்த மாநிலத்தில் வண்டி ஓட்டுகிற எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்கும் பதில்தான்: “பக்கத்துலதான் சார்.” எங்கள் திண்டுக்கல் சமவெளியில் பக்கம் என்பது பேகம்பூராகவும் இருக்கலாம், வேடசந்தூராகவும் இருக்கலாம். எந்த இடத்தில் மறித்தாலும், கிளம்பிய வீடும் போய்ச் சேரும் கடையும் பக்கத்தில்தான் இருக்கும். விபத்து என்பது தூரத்தில் நடப்பது, அதுவும் அடுத்தவனுக்கு நடப்பது என்ற நம்பிக்கையில்தான் நாங்கள் பெட்ரோலே போடுகிறோம்.

ஹெல்மெட் இல்லாதவன் என்று என்னை நினைத்துவிட வேண்டாம். அன்றைக்கும் இருந்தது, இடது முழங்கையில். ஒரு நாள் ரவுண்டு ரோட்டில் நின்று பாருங்கள். டேங்க் மேல் உட்கார்ந்து வரும், கண்ணாடியில் தொங்கி வரும், எக்ஸ்எல் வண்டியில் கால் வைக்கும் இடத்தில் மல்லாந்து வரும். அதற்குள் அரைக்கிலோ தக்காளியும் ஒரு கட்டு கொத்தமல்லியும் இருக்கும். முன்னால் பிடிக்கிறார்கள் என்று எதிரே வருகிறவர் ஹெட்லைட்டைச் சிமிட்டினால், ஐம்பது அடிக்குள் தக்காளி பைக்குப் போகும், ஹெல்மெட் தலைக்கு ஏறும். சோதனையைத் தாண்டியதும் இரண்டும் பழைய இடத்துக்குத் திரும்பும். முன்பின் தெரியாத ஒருவருக்காக இன்னொருவர் விளக்கைச் சிமிட்டும் இந்தப் பாசம் சாதி பார்ப்பதில்லை, கட்சி பார்ப்பதில்லை. சமூக நல்லிணக்கத்துக்கு அரசு ஏதாவது விருது வைத்திருந்தால் எங்கள் ஹெட்லைட்டுகளைப் பரிசீலிக்கலாம்.

களவு போகாமல் ஹெல்மெட்டைக் காப்பது தனிப் பாடு. பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய ஊர் இது. எங்கள் மாங்காய்ப் பூட்டு தொங்கினால் கதவு பத்திரம். வண்டியில் மாட்டிவிட்டுப் போன ஹெல்மெட் மட்டும், ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் வேறு தலைக்குக் குடிபோய்விடும்.

சட்டத்துக்கு நாங்கள் மசியாதவர்களும் அல்ல. 2015 ஜூலை 1 தங்களுக்கு நினைவிருக்கும். ஓட்டுகிறவரும் பின்னால் உட்காருகிறவரும் ஹெல்மெட் போட்டே தீரவேண்டும் என்று உயர் நீதிமன்ற நீதிபதி என். கிருபாகரன் உத்தரவிட்டு, அந்தத் தேதி குறிக்கப்பட்டது. அதற்கு முந்தைய நாள்களில் தமிழ்நாடே ஹெல்மெட் கடை வாசலில் நின்றது. விலை ஏறியது. ரோட்டோரத்தில் குவித்துவைத்து விற்றார்கள். ஐஎஸ்ஐ முத்திரை நகத்தால் சுரண்டினால் உரிந்து வந்தது. அதற்கு முன்பு 2007 ஜூனிலும் இதே கட்டாயம் வந்தது, வந்த சூட்டிலேயே தளர்ந்தது. ஹெல்மெட் கட்டாயம் எங்களுக்கு ஐப்பசி அடைமழை மாதிரி. கொட்டும்போது ஒதுங்கி நிற்போம், விட்டதும் கிளம்பிவிடுவோம். 100 ரூபாயாக இருந்த அபராதம் 2022-இல் 1,000 ஆன பிறகுதான் மழை கொஞ்சம் கூடுதல் நேரம் பெய்கிறது. ஐஎஸ்ஐ முத்திரை உள்ள ஹெல்மெட்டே ஆயிரத்துக்குள் கிடைக்கிறது. அபராத ரசீதோடு ஒரு ஹெல்மெட்டையும் கையில் கொடுத்து அனுப்பினால், அபராதம் கட்டியவன் வாழ்த்திவிட்டுப் போவான். துறையின் பரிசீலனைக்கு.

இனி விலக்குகள். தலைப்பாகை கட்டிய சீக்கியருக்கு 129-ஆம் பிரிவே விலக்கு தந்திருக்கிறது. நல்லது. அவர்கள் நம்பிக்கையைச் சட்டம் மதிக்கிறது. தலைப்பாகைதான் அளவுகோல் என்றால், தலைப்பாகையாலேயே கடல் தாண்டிப் பெயர் வாங்கிய ஊர் எங்களுடையது. 1957-இல் பிரியாணிக் கடை வைத்த நாகசாமி நாயுடு தலையில் தலப்பா கட்டியிருந்தார். அந்தத் தலப்பாதான் இன்றைக்கு ஊர் ஊராகப் பெயர்ப் பலகையில் இருக்கிறது. சீரகச் சம்பா சாப்பிட்டுவிட்டு வெளியே வருகிறவனுக்கு, துண்டை முண்டாசாகக் கட்டியிருந்தால், வீடு போய்ச் சேரும்வரை விலக்கு உண்டா என்று தெளிவுரை வேண்டுகிறேன்.

பழனியில் முடி இறக்கிவிட்டு, மொட்டைத் தலையில் சந்தனத்தைப் பூசிக்கொண்டு ஒட்டன்சத்திரம் வழியாகத் திரும்புகிற பக்தனையும் நினைத்துப் பாருங்கள். அவன் தலையில் இருப்பது பிரசாதம். அதன்மேல் ஹெல்மெட்டைக் கவிழ்த்தால் சந்தனம் உள்பஞ்சுக்கும் வியர்வை முருகனுக்கும் போகும். நிரந்தர விலக்கு கேட்கவில்லை. சந்தனம் காயும்வரை போதும். அடுத்தது நிலக்கோட்டை மல்லிகை. காலையில் பறித்து, மூட்டையாக எக்ஸ்எல்லில் பூ மார்க்கெட்டுக்கு வந்து, சாயங்காலம் சரமாகத் தலைக்கு ஏறுகிற பூ அது. பின்னால் உட்கார்ந்து கல்யாணத்துக்கு வருகிற அம்மாளுக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்றால் கொண்டை எங்கே போகும், பூ எங்கே போகும்? சட்டம் எழுதியவர்கள் தலையை அளந்திருக்கிறார்கள், கொண்டையை அளக்க மறந்துவிட்டார்கள்.

விலக்கெல்லாம் எதற்கு, தனிமனித சுதந்திரம் என்று நேராகவே கேட்டுவிடலாமே என்றார் டீக்கடை நண்பர். விசாரித்துப் பார்த்தேன். அந்தக் கதவு 1988-இலேயே சாத்தியாகிவிட்டது. ஆந்திரப் பிரதேசத்து ஹெல்மெட் விதியை எதிர்த்த வழக்கில், இதனால் நடமாடும் உரிமை பறிபோகவில்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இங்கிலாந்தில் ஃபிரெட் ஹில் என்று ஒரு பெரியவர், இரண்டாம் உலகப் போரில் மோட்டார் சைக்கிளில் தபால் கொண்டுபோனவர், ஹெல்மெட் போடமாட்டேன் என்று வெறும் தொப்பியோடு ஓட்டினார். அபராதம் கட்ட மறுத்துத் திரும்பத் திரும்பச் சிறைக்குப் போய், 1984-இல் லண்டன் பென்டன்வில் சிறையிலேயே உயிரைவிட்டார். கொள்கை என்றால் அது. நாங்கள் அபராதத்தைப் பாதியாகக் குறைக்கமுடியுமா என்று கேட்கிற ஆட்கள்.

அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் என்ற மாநிலத்தில் வயது வந்தவர்களுக்கு ஹெல்மெட் கட்டாயம் இல்லை. ‘சுதந்திரமாக வாழ், இல்லையேல் செத்துப்போ’ என்பது அந்த மாநிலத்தின் தாரக மந்திரம். கார் நம்பர் பிளேட்டிலேயே அடித்திருப்பார்கள். அந்த நம்பர் பிளேட்டுகளைச் செய்கிறவர்கள் அங்குள்ள சிறைக் கைதிகள்.

சிரித்தது போதும். கணக்குக்கு வருகிறேன், ஏனென்றால் கணக்கு என் பக்கம் இல்லை. 2022-ஆம் ஆண்டில் மட்டும் ஹெல்மெட் போடாமல் இந்தியச் சாலைகளில் செத்தவர்கள் 50,029 பேர் என்கிறது ஒன்றிய அரசின் அறிக்கை. அதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து போனவர்கள். அந்த ஆண்டு தமிழ்நாட்டில் நடந்த விபத்துகள் 64,105, நாட்டிலேயே முதலிடம். செத்தவர்கள் 17,884. ஹெல்மெட் போட்டால் சாவு 42 விழுக்காடும் தலைக்காயம் 69 விழுக்காடும் குறைகிறது என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். என் தலை என் இஷ்டம் என்று சொல்லலாம்தான். உடைந்த பிறகு அது எனக்கு மட்டும் சொந்தமாக இருப்பதில்லை. 108 வரவேண்டும். 2022-இல் திறந்த எங்கள் அரசு மருத்துவக் கல்லூரியோ மதுரை ராஜாஜி மருத்துவமனையோ ஏற்கவேண்டும். முதல் 48 மணி நேரத்துக்கு அரசே செலவழிக்கும் என்று 2021 டிசம்பரில் தொடங்கிய திட்டத்தில், எனக்காகக் கட்டப்போவது ஹெல்மெட் போட்டு ஒழுங்காகப் போகிற பக்கத்து வீட்டுக்காரரின் வரிப்பணம். அவருக்கு என் தலைமேல் கொஞ்சம் உரிமை உண்டு.

அதைவிடக் கசப்பானது ஒன்று. சாயங்காலம் சாலை ரோட்டில் போகிற குடும்பங்களைக் கவனியுங்கள். ஒரே வண்டியில் நான்கு பேர், ஒரே ஒரு ஹெல்மெட். அது அப்பா தலையில் இருக்கும். டேங்க் மேல் உட்கார்ந்து காற்றை முதலில் வாங்கிக்கொள்கிற குழந்தை வெறுந்தலை. வீட்டில் யாரிடமாவது ஈவிரக்கம் இல்லையா என்றால், ஏராளமாக இருக்கிறது. அபராதம் யார் பெயருக்கு வருமோ அவர் தலைக்கு ஹெல்மெட், அவ்வளவுதான். நான்கு வயதைத் தாண்டிய ஒவ்வொருவருக்கும் என்றுதான் சட்டம் சொல்கிறது. நாங்கள் சட்டத்தைச் சலான் வழியாகத்தான் படித்திருக்கிறோம். ரோட்டுக்குப் பயந்து போடவேண்டியதைப் போலீசுக்குப் பயந்து போடுகிறோம் என்றால், முப்பது வருஷத்துக்குமேல் நீங்கள் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது பயத்தை மட்டும்தான்.

இங்கேதான் என் உண்மையான மனு ஆரம்பிக்கிறது. எனக்கு மறுக்கப்பட்ட அந்தத் தனிமனித சுதந்திரம் வேறு எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்தேன். பத்திரமாக இருக்கிறது, ஐயா. ரோட்டைத் தோண்டிவிட்டு மண்ணை மட்டும் தள்ளி மூடிவிட்டுப் போகிற ஒப்பந்தக்காரரிடம் இருக்கிறது. ராத்திரியோடு ராத்திரியாக, வெள்ளைக்கோடுகூட அடிக்காமல், வேகத்தடை போட்டுவிட்டுப் போகிறவரிடம் இருக்கிறது. 2017-இல் கோவை அவினாசி ரோட்டில் விழாவுக்காக நட்ட அலங்கார வளைவு ஒரு இளைஞரைக் கொன்றது. 2019-இல் சென்னைப் பள்ளிக்கரணையில் கல்யாணத்துக்கு வைத்த பேனர் ஸ்கூட்டரில் போன பெண்மேல் விழுந்து, பின்னால் வந்த லாரி அவர்மேல் ஏறியது. வளைவும் பேனரும் வைக்கிற கைகள் எல்லாக் காலத்திலும் சுதந்திரமான கைகள். எங்கள் ஊரிலேயே 2024 டிசம்பர் 12 ராத்திரி, திருச்சி ரோட்டில் ஒரு தனியார் மருத்துவமனையில் தீப்பிடித்து, ஒரு குழந்தை உட்பட ஆறு பேர் போனார்கள். அங்கே நோயாளியாகவும் துணைக்காகவும் போனவர்கள் தலையில் எதை மாட்டிக்கொண்டு போயிருந்தால் பிழைத்திருப்பார்கள்?

தங்கள் துறையின் பெயரிலேயே மதுவிலக்கு இருக்கிறது. கடை நடத்துவதும் அதே துறையின்கீழ் வருகிற டாஸ்மாக். குடித்துவிட்டு ஓட்டினால் 10,000 ரூபாய் அபராதம், மிகவும் சரி. மத்தியானம் 12 மணிக்குத் திறக்கிற கடை வாசலில் வரிசையாக நிற்கிற வண்டிகளை யார் ஓட்டிக்கொண்டு போவார்கள் என்று துறை நினைக்கிறது?

ஹெல்மெட் கண்ணுக்குத் தெரியும். நூறடி தூரத்திலிருந்தே தெரியும். எக்ஸ்எல்காரனை மறிப்பது சுலபம். அவன் யாருக்கும் போன் போடமாட்டான், போட்டாலும் எடுக்க ஆள் இல்லை. ரோட்டின் தரமும் கட்டடத்தின் மாடிப்படியும் கண்ணுக்குத் தெரியாது, தெரிந்தாலும் போன் வந்துவிடும். ஆகவே பாதுகாப்பு என்கிற பெரிய மூட்டையை மொத்தமாக எங்கள் தலையில் இறக்கிவைத்துவிட்டீர்கள். தலை தாங்கும், ஐயா. கழுத்துதான் வலிக்கிறது.

2019-இல் சட்டத்தைத் திருத்தியபோது எனக்கு மட்டும் அபராதத்தை ஏற்றவில்லை. 198A என்று ஒரு பிரிவும் சேர்த்தார்கள். ரோட்டை வடிவமைக்கிற, போடுகிற, பராமரிக்கிற அதிகாரியோ ஒப்பந்தக்காரரோ வகுத்த தரத்தைப் பின்பற்றாமல், அதனால் உயிரோ உறுப்போ போனால், ஒரு லட்சம் ரூபாய் வரை தண்டம். 210B என்று இன்னொன்று: சட்டத்தை அமல்படுத்துகிற அதிகாரத்தில் இருப்பவரே குற்றம் செய்தால் இரட்டிப்பு அபராதம். இந்த இரண்டு பிரிவுகளையும் படித்தபோது எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. முழங்கையில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போகிற நான் 129-ஐ நடத்தும் மாதிரிதான் இவற்றையும் எங்கோ மாட்டிவைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது.

ஆகவே மேலே கேட்ட எல்லா விலக்குகளையும் இத்துடன் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். தலப்பாவும் சந்தனமும் மல்லிகையும் வழிவிடட்டும். ஹெல்மெட்டைப் போட்டு, வாரையும் கிளிக் என்று மாட்டிவிட்டேன். எனக்குச் சுதந்திரம் வேண்டாம். எனக்குக் கொடுத்திருக்கிற பயத்தில் ஒரு பங்கை மட்டும் மேலே சொன்னவர்களுக்கும் சமமாகப் பிரித்துக் கொடுங்கள்.

இந்தக் கடிதத்தையே தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன்கீழ் மனுவாகவும் ஏற்றுக்கொள்ளக் கோருகிறேன். திண்டுக்கல் மாவட்டத்தில் 2019 முதல் இன்றுவரை 198A பிரிவின்கீழ் எத்தனை பேருக்குத் தண்டம் விதிக்கப்பட்டது, 210B-யின்கீழ் எத்தனை பேர் இரட்டிப்பு அபராதம் கட்டினார்கள், இதே காலத்தில் ஹெல்மெட் அபராதமாக எங்களிடம் வசூலான தொகை எவ்வளவு என்ற மூன்று விவரங்களைத் தரவும். கட்டணம் 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டியிருக்கிறேன். பதில் தர 30 நாள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஒரு தலை.