தூக்கத்துறை மாப்பிள்ளை

ராத்திரி ஏழு மணிக்கு மேல் சில வீடுகளில் காலிங் பெல் அடிக்காது. கெட்டுப்போய்விட்டது என்று எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுவிடாதீர்கள். உள்ளே ஓர் இளம் அப்பா அதன் ஒயரைக் கழற்றி வைத்திருப்பார். ஹாலில் ஜீரோ வாட்ஸ் பல்பு எரியும். குக்கர் வைக்கக் கூடாது, விசில் வரும். தாளிக்கலாம், கடுகு வெடிக்காமல். “பையன் ராத்திரி நல்லாத் தூங்கினானா?” என்று கேட்டால், பெற்றவள் கொட்டாவியோடு “நாலஞ்சு தடவை எந்திரிச்சான்” என்பாள். இவர் உடனே போனைப் பார்த்து, “சராசரி 4.6” என்பார். அத்தனை தடவையும் கூட எழுந்தவள் அவள். அந்தப் புள்ளி ஆறைக் கண்டுபிடித்தவர் இவர்.

இந்த வகையில் ஒருவர் எனக்கு மாப்பிள்ளையாக வாய்த்திருக்கிறார்.

தலைப்பிரசவம் என்பதால் மகள் தாம்பரத்தில் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். மாப்பிள்ளை சனிக்கிழமை வருவார், குழந்தையைப் பார்ப்பார், சாப்பிடுவார், தூங்குவார். ஐந்தாம் மாதம் முடிந்ததும் மகளையும் பேரனையும் அவர்கள் ஃபிளாட்டில் கொண்டுபோய் விட்டோம். “ஒரு வாரம் இருந்துட்டுப் போங்க” என்றார்கள். இருந்துகொண்டே இருக்கிறோம்.

எங்கள் வீட்டில் பேரனுக்குத் தூங்கத் தெரிந்த வழி ஒன்றுதான். பால் குடிப்பான், கண் சொருகும், அப்படியே தூங்கிவிடுவான். அதை ஒரு கோளாறு என்று யாரும் நினைக்கவில்லை. முக்கால் மணி, ஒரு மணிக்கு ஒரு தடவை விழித்துக்கொண்டு மறுபடி பால் கேட்பான். அதையும் கோளாறு என்று நினைக்கவில்லை, என் மகளைத் தவிர. மாப்பிள்ளை மூன்றே நாளில் எக்செல் ஷீட்டோடு வந்து உட்கார்ந்தார்.

“ரயில்ல ஜன்னல் ஓரமா உக்காந்து தூங்குறீங்க மாமா. முழிச்சுப் பாத்தா கதவுகிட்ட நின்னுட்டிருக்கீங்க. கத்துவீங்களா மாட்டீங்களா?”

கத்துவேன் என்று ஒப்புக்கொண்டேன்.

“அதேதான். தூங்குறப்போ வாயில பால் இருந்துது. முழிச்சுப் பாத்தா இல்ல. அதான் கத்துறான். இதுக்குப் பேரு ஸ்லீப் அசோசியேஷன்.”

சமையலறையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். “புள்ளைக்குப் பால் குடுக்குறதுக்கும் அசோசியேஷன்ல ரூல் போட்டுட்டாங்களா?” பால்கனியில் துணி காயப்போடக் கூடாது என்று அதற்கு முந்தின வாரம்தான் அசோசியேஷன் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. அவள் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

மாப்பிள்ளை படித்துச் சொன்னதில் விஷயமும் இருந்தது. உறிஞ்சிக் குடிக்கும்போது குழந்தையின் உடம்பில் கோலிசிஸ்டோகைனின் என்று ஒரு ஹார்மோன் சுரக்கிறதாம். அதுதான் கண்ணைச் சொருக வைக்கிறது. பால் கொடுக்கும் தாய்க்கும் அது சுரக்கும். போதாக்குறைக்கு ராத்திரிப் பாலில் மெலட்டோனின் வேறு. ஆக, தாயும் பிள்ளையும் தூங்குவதற்கு இயற்கை இத்தனை ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது. எந்தச் சுரப்பும் இல்லாமல் விடிய விடியத் தூங்கக்கூடியவர் அந்த வீட்டில் மாப்பிள்ளை ஒருவர்தான்.

குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்த மறுநாள் முதல் சோதனை. ரிச்சர்ட் ஃபெர்பர் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். குழந்தையை விழித்திருக்கும்போதே படுக்கவைத்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். அழுதால் மூன்று நிமிஷம் கழித்து எட்டிப் பார்த்து, தட்டிக்கொடுத்துவிட்டு வர வேண்டும். அடுத்து ஐந்து நிமிஷம், அப்புறம் பத்து. பாஸ்டனில் சரி. இங்கே நாற்பதாவது விநாடியில் எதிர் ஃபிளாட்டு மாமி வந்துவிட்டார். “உரம் விழுந்திருக்கும், முறத்துல போட்டு உருட்டுங்க” என்றார். கீழ்த்தளத்துக்காரர் ஓமவாட்டர் பாட்டிலோடு வந்தார். வாட்ச்மேன் இன்டர்காமில் “சார், எதுனா பிரச்சனையா?” என்றார். என் மனைவி சுற்றிப்போட மிளகாயும் உப்பும் எடுத்துவிட்டாள். மாப்பிள்ளை கதவில் முதுகைச் சாய்த்து, கையில் ஸ்டாப்வாட்சோடு, கண் கலங்க நின்றார். ஒரு நிமிஷம் நாற்பது விநாடியில் கதவைத் திறந்துகொண்டு உள்ளே ஓடியவர் அவர்தான். அடுத்த வாரம் அலுவலகத்தில் இரண்டு பேருக்கு அதே முறையைச் சிபாரிசு செய்திருக்கிறார் என்பது பின்னால் தெரிந்தது.

டாக்டரிடம் போனோம். எடையைப் பார்த்தார், நன்றாக இருக்கிறது என்றார். “பாலை நிறுத்தாதீங்க. ரெண்டு வருஷம், அதுக்கு மேலயும் குடுக்கலாம். ராத்திரி நிஜமாப் பசிச்சா குடுங்க. குடிச்சுக்கிட்டே தூங்குறத மட்டும் மெதுவா மாத்துங்க.”

மாப்பிள்ளை போனில் தட்டச்சு செய்தபடியே, “மெதுவான்னா எத்தனை நாள் டாக்டர்?” என்றார்.

“அதைக் குழந்தைகிட்டதான் கேக்கணும்.”

வழியையும் சொன்னார். கடைசிப் பாலைப் படுக்கையறையில் கொடுக்காமல் ஹாலில், லைட் போட்டுக் கொடுக்க வேண்டும். ஏப்பம், துணி மாற்றல், அப்புறம் படுக்கை. நடுவில் பால் கொடுக்க நேர்ந்தால், கண் சொருகி உறிஞ்சுவது மெத்தென்று ஆகும்போது சுத்தமான சுண்டுவிரலை வாயோரத்தில் நுழைத்து மெல்ல எடுத்துவிட வேண்டும். தேடினால் திரும்பக் கொடு, மறுபடி எடு. தலையணை வேண்டாம், மல்லாக்கப் படுக்க வை. இவ்வளவையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார் மாப்பிள்ளை. கடைசியில் டாக்டர், “அம்மா பக்கத்துல படுத்தா பால் வாசனைக்குத் தேடும். கொஞ்ச நாள் அப்பா தூங்க வைக்கட்டும்” என்றார்.

தலையாட்டல் நின்றது. எக்செல் ஷீட்டில் அப்படி ஒரு கட்டம் இல்லை.

அன்று ராத்திரி என் மகள் சுண்டுவிரல் வேலையை ஏழு தடவை செய்தாள். மேலுதட்டில் ஒரு சொட்டுப் பால் நிற்க, ஒற்றைக் கண்ணை மட்டும் திறந்து, எடுத்தது யார் என்று பேரன் பார்த்த பார்வையை நான் கதவிடுக்கில் கண்டேன். எட்டாவது தடவை குழந்தையை மாப்பிள்ளை கையில் கொடுத்துவிட்டு அவள் ஹாலில் வந்து படுத்தாள். படுத்த கணமே தூங்கிவிட்டாள்.

என் மனைவிக்கு இதற்கெல்லாம் ஒரே மருந்துதான். தூளி. பழைய நூல் புடவை ஒன்றைத் துவைத்து மடித்துக் கையோடு கொண்டுவந்திருந்தாள். கொக்கிதான் இல்லை. ஃபால்ஸ் சீலிங் போட்டபோது அதையும் மூடிவிட்டார்கள். அண்ணாந்து அறை அறையாகத் தேடினாள். “தூளியும் ஒரு அசோசியேஷன்தான் அத்தை” என்றார் மாப்பிள்ளை. “நீங்க மூணு வயசு வரைக்கும் தூளியிலதான் தூங்குனீங்களாம். கால் ரெண்டும் வெளியே தொங்குமாம். சம்பந்தியம்மா சொன்னாங்க” என்றாள் அவள். அதோடு அந்த விவாதம் முடிந்தது.

சரி, தாலாட்டாவது பாடலாம் என்றால் அவருக்கு ஒன்றும் தெரியாது. தாலாட்டு என்பதே தாலை, அதாவது நாக்கை, ஆட்டுவது. பிள்ளைத்தமிழில் மூன்றாவது பருவமே தால் பருவம்தான். பருவத்துக்குப் பத்துப் பாட்டு வீதம் புலவர்கள் பாடி வைத்திருக்கிறார்கள். பாட்டுடைத் தலைவன் முருகனானாலும் தலைவி மீனாட்சியானாலும் ஒரு பாட்டில் தூங்கியதாகத் தெரியவில்லை, பத்து தேவைப்பட்டிருக்கிறது. நம் பேரன் எம்மாத்திரம்?

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு இருட்டில் நடந்த மாப்பிள்ளைக்கு, அந்த நேரத்தில் வாயில் வந்தது அவர் காலேஜுக்குப் போன மின்சார ரயில்தான். “தாம்பரம்… சானடோரியம்… குரோம்பேட்டை… பல்லாவரம்…” ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் முதுகில் ஒரு தட்டு. திரிசூலம், மீனம்பாக்கம், பழவந்தாங்கல் என்று போய்க் கடற்கரை வரை பதினெட்டு ஸ்டேஷன். முதல் நாள் பீச் போய்த் திரும்பித் தாம்பரம் வந்து, மறுபடி கிளம்பி, சேத்துப்பட்டில்தான் பையன் தலை சாய்ந்தது. மறுநாளும் அதே கதை. இரண்டாவது வாரம் எழும்பூர். அப்புறம் ஒரு நாள் காலையில் காப்பி குடிக்கும்போது, எதுவுமே நடக்காத மாதிரி, “நேத்து கிண்டியிலயே தூங்கிட்டான் மாமா” என்றார். பல் முளைத்த வாரம் மட்டும் சிக்னல் கோளாறு. விடிய விடிய ஷட்டில் அடித்தார். அந்த வாரம் என் மகளும் கேட்டபோதெல்லாம் பால் கொடுத்தாள், யாரும் கணக்கு எழுதவில்லை.

எக்செல் ஷீட்டை அவர் திறந்தே பத்து நாள் ஆகிறது. கண்ணுக்குக் கீழே கருவளையம் வந்துவிட்டது. காலிங் பெல் ஒயரை மாட்ட மறந்துவிட்டார், அது வேறு விஷயம். ராத்திரி ஒரு தடவை பையன் பசிக்கு எழுகிறான், குடிக்கிறான், அப்பா தோளுக்குப் போகிறான். என் மகள் நாலு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்குகிறாள். என் மனைவி படுத்தபடியே, “எந்த ஸ்டேஷன் வந்திருக்கு?” என்பாள். “மீனம்பாக்கம்” என்பேன்.

போன வியாழக்கிழமை மாப்பிள்ளைக்கு ராத்திரியில் அமெரிக்காக்காரர்களோடு மீட்டிங். குழந்தையை என்னிடம் கொடுத்தார். கொடுக்கும்போது ஏதோ சொல்ல வாயெடுத்தார், நான் கையமர்த்திவிட்டேன். முப்பது வருஷம் தாம்பரம் – பீச் சீசன் டிக்கெட்டில் ஆபீஸ் போனவன் நான். எனக்கா ஸ்டேஷன் சொல்லித் தரவேண்டும்? தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். தாம்பரம், ஒரு தட்டு. குரோம்பேட்டை, ஒரு தட்டு. பல்லாவரம் என்று சொல்வதற்குள் தோளிலிருந்து தலை மெல்ல எழுந்தது. என் முகத்தை ஒரு சாண் தூரத்தில் வைத்து, சுண்டுவிரலைப் பார்த்த அதே பார்வை.

கதவிடுக்கில் வெளிச்சம் தெரிந்தது. காதில் ஹெட்போனோடு, மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு மாப்பிள்ளை நின்றார்.

“மாமா… சானடோரியம் விட்டுட்டீங்க.”