அளந்தால்தானே ஆதாரம்!

ஆடி 28 அன்று நம்பெருமாள் அம்மா மண்டபத்துக்கு எழுந்தருளி, காவிரித் தாயாருக்குப் பட்டும் மாலையும் சீர் கொடுப்பது ஸ்ரீரங்கத்து வழக்கம். பெருமாள் வருஷத்துக்கு ஒரு நாள்தான் கொடுக்கிறார். மேற்கே இருக்கும் சம்பந்திகள் அவ்வளவு கஞ்சர்கள் அல்ல, தினமும் அனுப்புகிறார்கள். மேட்டூர் ரசாயன ஆலைகள், ஈரோட்டுத் தோல் பதனிடும் ஆலைகள், பள்ளிபாளையம், குமாரபாளையம் சாயப்பட்டறைகள் என்று வரிசை நீளம். திருப்பூர்ச் சீர் நொய்யல் வழியாகவும் கரூர்ச் சீர் அமராவதி வழியாகவும் வந்து சேரும். திருப்பூர்ப் பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றமே உத்தரவு போட வேண்டியிருந்தது என்றால் கொடுத்த கை எவ்வளவு தாராளம் பாருங்கள்.

சென்னை ஐஐடி ஆய்வாளர்கள் காவிரியில் 22 இடங்களில் இரண்டு வருஷம் தண்ணீர் எடுத்துப் பார்த்தார்கள். 2021-ல் சீர்வரிசைப் பட்டியல் வெளியானது. ஆர்சனிக், துத்தநாகம், குரோமியம், காரீயம், நிக்கல். கூடவே வலிக்கு ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக், பிரஷருக்கு அட்டெனொலால், கிருமிக்கு சிப்ரோஃப்ளாக்சசின். மெடிக்கல் ஷாப்பில் டாக்டர் சீட்டு கேட்பார்கள். காவிரி அதுகூடக் கேட்பதில்லை.

ஆற்றை அளந்தாயிற்று. திருச்சிக் குழாயில் வருவதும் காவிரி, கொள்ளிடத்துத் தண்ணீர்தான். அதில் போடும் குளோரின் கிருமியைக் கொல்லும், குரோமியத்திடம் அதன் ஜம்பம் சாயாது. சரி, அதைக் குடித்தவனை யார் அளப்பது?

நம் ரத்தத்தின் மேல் ஆசை இல்லாதவர்கள் யாரும் இல்லை. தலைவர் பிறந்த நாள் என்றால் தெருமுனையில் ரத்ததான முகாம். 2021-லிருந்து ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டு வாசலுக்கே வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்க்கிறது. திருச்சி தில்லைநகர் பக்கம் போனால் மாஸ்டர் ஹெல்த் செக்கப். வெறும் வயிற்றோடு உட்கார்ந்து, கையில் ரப்பர் பட்டை கட்டி, ‘கையை இறுக்கி மடக்கிக்கோங்க சார்’ என்று சொல்லும்போதே ஊதா மூடிக் குழாய் நிறைந்துவிடும். கொழுப்பு எத்தனை, தைராய்டு எத்தனை, வைட்டமின் டி எத்தனை. அதே ஊதா மூடிக் குழாயின் ரத்தத்தில் காரீயத்தையும் பார்க்கலாம். ஆனால் சர்க்கரை ஏறினால் குற்றவாளி நீங்கள், அல்வா தின்றவர். காரீயம் ஏறினால் குற்றவாளி வேறு ஆள், அவருக்கு வக்கீல் இருக்கிறார். எனவே அந்தக் கட்டம் பெரும்பாலான படிவங்களில் கிடையாது. தனியாகக் காசு கொடுத்தால் சில லேப்களில் பார்த்துத் தருவார்கள். அந்த எண்ணை எடுத்துக்கொண்டு எந்த ஆபீஸ் வாசலில் நிற்பீர்கள்? மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தண்ணீரும் காற்றும்தான் தெரியும், சுகாதாரத் துறைக்குக் கொசுவும் காய்ச்சலும்தான் தெரியும். நடுவில் இருக்கிற மனுஷன் எந்த இலாகாவிலும் சேரமாட்டான். மிஞ்சிப்போனால், ‘உங்க வீட்டு ஈயச்சொம்பு மட்டமான சரக்காக இருக்கும், அதில் ரசம் வைக்காதீங்க மாமி’ என்று அனுப்பிவைப்பார்கள்.

இந்த நாட்டுக்கு அளக்கத் தெரியாது என்று சொல்லாதீர்கள். 1998-99-ல் நடந்த இரண்டாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் டெல்லி, மும்பைக் குழந்தைகளின் ரத்தத்தில் காரீயம் பார்த்தார்கள். பார்த்ததோடு சரி. இந்தியாவில் 27 கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகளின் ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டிய காரீயம் இருக்கும் என்று 2020-ல் யுனிசெஃப் மதிப்பிட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. மதிப்பீடுதான், ஊர் ஊராகப் போய் ஊசி குத்திப் பார்த்த கணக்கு நம்மிடம் ஏது?

ஏன் அளக்கமாட்டார்கள் என்று தெரியக் கொடைக்கானலுக்குப் போக வேண்டும். அமெரிக்காவின் வாட்டர்டவுனில் ஓடி ஓய்ந்த தெர்மாமீட்டர் ஆலை 1980-களில் அந்த மலைக்கு வந்தது, பிறகு இந்துஸ்தான் லீவர் கைக்குப் போனது. தெர்மாமீட்டர்கள் கப்பலேறின, பாதரசம் இங்கே தங்கியது. 2001 மார்ச்சில் அங்கே மூஞ்சிக்கல் பகுதியின் காயலான் கடையில் பாதரசக் கண்ணாடிக் கழிவு டன் கணக்கில் கிடப்பதை ஊர்க்காரர்களும் கிரீன்பீஸும் வெளியே கொண்டுவந்த பிறகுதான் ஆலை மூடியது. 2003-ல் 290 டன் கழிவு, சுத்திகரிப்புக்கென்று அமெரிக்காவுக்குத் திரும்பப் போனது. கழிவுக்கு விசா கிடைத்தது. வேலை பார்த்தவர்களுக்குக் கிடைத்தது கமிட்டி.

உயர் நீதிமன்றம் அமைத்த நிபுணர் குழு 2007-ல் சொன்னது: தொழிலாளர்களின் இப்போதைய உடல்நிலையைப் பாதரசத்தோடு இணைக்கப் போதிய ஆதாரம் இல்லை. எப்படி இருக்கும்? பாதரசம் ரத்தத்தில் குடியிருக்க வருவதில்லை. சில வாரங்கள், சில மாதங்களில் வெளியேறிவிடும். மூளையிலும் சிறுநீரகத்திலும் அது செய்த வேலைதான் தங்கும். ஆலை மூடி ஆறு வருஷம் கழித்து, ‘திருடன் வீட்டிலேயே இல்லையே, எப்படித் திருட்டு நடந்திருக்கும்?’ என்று கேட்கிற சாமர்த்தியம் இது. 2011-ல் மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்தின் ஆய்வு, தொழிலாளர்களும் அவர்கள் குழந்தைகளும்கூடப் பாதிக்கப்பட்டதற்கு முகாந்திரம் இருக்கிறது என்றது. 2016 மார்ச்சில் 591 பேருக்குக் கம்பெனி ‘மனிதாபிமான அடிப்படையில்’ பணம் கொடுத்தது. பொறுப்பு என்று ஒப்புக்கொள்ளவில்லை. பதினைந்து வருஷம் காத்திருந்தால் குற்றம்கூடத் தர்மமாக மாறிவிடும்.

அளந்து பார்த்த ஊரும் உண்டு. அமெரிக்காவின் பார்க்கர்ஸ்பர்க்கில் டுபாண்ட் ஆலை டெஃப்லான் ரசாயனத்தை ஆற்றில் விட்டது. வழக்கில் சமரசமாகி, 2005-06-ல் சுமார் 69,000 பேர் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தார்கள். கொடுத்தவர்களுக்கு 400 டாலர் வரை கம்பெனிப் பணம். 2012-க்குள் சிறுநீரகப் புற்றுநோய், தைராய்டு நோய் உட்பட ஆறு நோய்களுக்கு அந்த ரசாயனத்தோடு தொடர்பிருக்க வாய்ப்புண்டு என்று விஞ்ஞானிகள் எழுதிக் கொடுத்தார்கள். அங்கேயும் முதலாளி யோக்கியன் இல்லை. ஆனால் ஊரின் ரத்தம் ஆவணமாக இருந்தது, அதற்கப்புறம் ‘ஆதாரம் இல்லை’ என்று சொல்ல வாய் வரவில்லை.

தலைவர் பிறந்த நாளுக்குக் கை நீட்டுகிற திருச்சிக்காரர்கள் ஒரு மனு எழுதவும் நீட்டலாம். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் சுகாதாரத் துறைக்கு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: காவிரிக் கரையில் எத்தனை பேர் ரத்தத்தில் காரீயம், குரோமியம், பாதரசம் பார்த்திருக்கிறீர்கள்? பதில் சொல்லச் சட்டம் தரும் கெடு 30 நாள். ரத்தத்தில் இருக்கும் காரீயம் பாதியாகக் குறைவதற்கும், ஒரு பங்கு எலும்புக்குள் போய் ஒளிந்துகொள்வதற்கும் ஏறக்குறைய அதே கெடுதான் ஆகும்.