தக்காளியும் கோழியும்

கேள்வி: வீட்டில் இத்தாலியத் தக்காளி சாஸ் செய்தால் புளிக்கிறதே! சிக்கனை எப்போது சேர்ப்பது?

பதில்: சர்க்கரை டப்பாவை நோக்கி நீளும் கையை முதலில் மடக்குங்கள். இத்தாலியச் சமையல் நூலாசிரியர் மார்செல்லா ஹஸான் காட்டிய வழி: தோலுரித்த தக்காளி, வெண்ணெய், இரண்டாக வெட்டிய வெங்காயம், உப்பு. சிறு தீயில் 45 நிமிடம். வெண்ணெய் புளிப்பை அடக்கிவிடும். வெங்காயம் தன் இனிப்பைக் கொடுத்துவிட்டு விடைபெறும். பூண்டு கூட வேண்டாம், நம்புங்கள்!

சிக்கனா? இத்தாலியில் பாஸ்தா முதலில் வரும், கோழி அடுத்து வரும். இரண்டும் ஒரே தட்டில் சந்திப்பது அபூர்வம். கோழியும் தக்காளியும் சேர்ந்தே வேண்டுமென்றால் 'கச்சதோரா' செய்யுங்கள். எலும்போடு தொடைக்கறியை ஆலிவ் எண்ணெயில் தோல் சிவக்க வறுத்து, அதே சட்டியில் வெங்காயம், தக்காளி, ரோஸ்மேரி சேர்த்து மூடி வேகவிடுங்கள். அடியில் ஒட்டியதை மறக்காமல் சுரண்டிவிடுங்கள். ருசியின் நிரந்தர முகவரி அதுதான். தொட்டுக்கொள்ள ரொட்டி போதும்.