பழைய பெட்டிக்கு ஓர் அர்த்தசாஸ்திரம்

வயதான கம்ப்யூட்டருக்கு எட்டாயிரம் ரூபாய்க்குள் ஒரு கிராஃபிக்ஸ் கார்டு தேடும் சிக்கலை ஆராய மைசூரைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. 1905-ஆம் ஆண்டு தஞ்சாவூர் ஜில்லாவைச் சேர்ந்த பண்டிதர் ஒருவர் இவ்வூர்க் கீழ்த்திசை நூலகத்துக்கு ஓலைச்சுவடிக் கட்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். நூலகர் ஆர். சாமசாஸ்திரி பிரித்துப் படித்தார்; கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம்! 1909-இல் அச்சேற்றினார். சுவடி கொடுத்தவர் தஞ்சாவூர்க்காரர் என்பதால் அதன்மீது நமக்கும் கொஞ்சம் பாத்தியதை உண்டு. அரசியல், ராஜதந்திரம், மேலாண்மை என்று அதை வைத்து என்னென்னவோ எழுதியாயிற்று. கம்ப்யூட்டர் கடைப் பக்கம்தான் யாரும் எடுத்துப்போகவில்லை. அக்குறையை இக்கட்டுரை நீக்குகிறது.

அரசுக்கு அங்கம் ஏழு என்பது அந்நூலின் கொள்கை: அரசன், அமைச்சன், நாடு, அரண், கருவூலம், படை, நட்பு. நம் ஆய்வுப்பொருள் ஐ5-3470 பிராசசர், எச்61 மதர்போர்டு, 8 ஜிபி ரேம், குலம் கோத்திரம் தெரியாத எஸ்எம்பிஎஸ், நீல முனை விஜிஏ வயரில் மாட்டிய மானிட்டர் ஆகியவை கொண்டது. இதில் பிராசசர் அமைச்சன். எல்லாரும் குடியிருக்கும் மதர்போர்டு நாடு. கேபினெட் அரண். கார்டு படை. ஆபத்தில் கைகொடுக்கவேண்டிய எஸ்எம்பிஎஸ் நட்பு. கருவூலம் அடுக்களை அலமாரியில், பருப்பு டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது. அரசன் யார் என்பதில் மட்டும் தெளிவில்லை; தான்தான் என்று பையன் சொல்லிக்கொள்கிறான்.

நூலின் எட்டாம் அதிகரணத்தில், எந்த அங்கத்துக்கு வரும் கேடு பெரிது என்று ஆசாரியர்கள் மோதிக்கொள்கிறார்கள். அரசனைவிட அமைச்சனுக்கு வரும் கேடே பெரிது என்கிறார் பாரத்துவாஜர். இல்லை என்கிறார் கௌடில்யர். அடுத்தவர் வேறொன்றைச் சொல்ல, அவருக்கும் அதே பதில். நம் விஷயத்தில் ஆசாரியர்கள் மூவர்.

முதலாமவர் பையன். கார்டு நன்றாக இருந்தால் மற்றதெல்லாம் தானாக ஓடும் என்பது அவன் சித்தாந்தம். இரண்டாமவர் மாடியில் குடியிருக்கும் ஐடி கம்பெனிக்காரர். 2012-இல் வந்த பிராசசருக்குப் பெரிய கார்டு போட்டால் பாட்டில்நெக் ஆகிவிடும், படை முன்னே போய் அமைச்சன் ஓலைக்காக நிற்கும் என்பார். இதில் உண்மை உண்டு. சோதிக்கச் செலவும் இல்லை. விளையாட்டில் ரெசல்யூஷனைக் குறைத்துப் பார்க்கவேண்டும். எஃப்பிஎஸ் ஏறினால் குற்றம் கார்டின்மேல். அப்படியே கிடந்தால் பிராசசர்தான் குற்றவாளி. என்ன கார்டு வாங்கினாலும் காசு வீண்.

மூன்றாமவர் கடை மெக்கானிக். அவர் கார்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினார், எஸ்எம்பிஎஸ்மேல் படிந்திருந்த தூசியைக் கட்டைவிரலால் துடைத்தார், லேபிளைப் பார்த்தார், “ஆகல்ல சார்” என்றார். இம்மூன்றாம் மதமே சரி என்பது நம் துணிபு. அதை நிறுவக் கல்வெட்டியலின் துணை வேண்டும்.

தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு இருப்பதும் இதே மைசூரில்தான். தமிழ்க் கல்வெட்டு மைப்படிகள் நெடுங்காலம் இங்கே இருந்தன. அவற்றைச் சென்னைக்கு மாற்றும்படி 2021-இல் உயர் நீதிமன்றம் சொன்னது. மைப்படிகள் இடம்பெயரலாம், படிக்கும் முறையை இங்கேயே வைத்துக்கொள்வதற்குத் தடையில்லை. சோழர் கல்வெட்டில் முதலில் மெய்க்கீர்த்தி வரும்: கங்கபாடியை வென்றார், ஈழத்தை வென்றார். பல வரிகள் தாண்டித்தான் சேதி வரும்: நந்தா விளக்கு ஒன்று, ஆடு 96. எஸ்எம்பிஎஸ் லேபிளும் அதே நடைதான். மேலே பெரிய எழுத்தில் ‘450 வாட்’. அது மெய்க்கீர்த்தி. கீழே பொடி எழுத்தில் +12 வோல்ட், 16 ஆம்பியர். பெருக்கினால் 192 வாட். பிராசசரும் கார்டும் உண்பது அனேகமாக இந்த 12 வோல்ட் பந்தியில்தான். ஆகவே 450 என்பது வென்ற நாடுகள். 192 என்பதே ஆடு.

இனி வேட்பாளர்களை வரிசையாக நிறுத்துவோம். பிராசசருக்கு 77 வாட், மற்ற உருப்படிகளுக்கு ஒரு 40 ஒதுக்கினால் கார்டுக்கு மிஞ்சுவது 75. பிசிஐஇ ஸ்லாட் தனியாகத் தரக்கூடிய உச்ச அளவும் 75 வாட்தான். 2014-இல் வந்த ஜிடிஎக்ஸ் 750 டிஐ 60 வாட்டில் அடங்கும். 2016-இல் வந்த 1050 டிஐ சரியாக 75. தாளில் கணக்கு நேராகிறது, ஆனால் மூச்சுவிட ஒரு வாட் இல்லை. ஆர்எக்ஸ் 580 செகண்ட் ஹேண்டில் மலிவு, பலத்தில் மற்ற இரண்டையும் தூக்கிச் சாப்பிடும், 185 வாட்டையும் சேர்த்துச் சாப்பிடும். எத்தீரியம் நாணயம் 2022 செப்டம்பர் 15 அன்று சுரங்கம் தோண்டும் முறையைக் கைவிட்டதும் இந்த இனத்துக் கார்டுகள் வேலையிழந்து சந்தைக்கு வந்தன. இரவு பகலாக உழைத்தவை. மின்விசிறி கரகரக்கிறதா, திருகின் தலை தேய்ந்திருக்கிறதா என்று பார்த்து, கடையிலேயே கால் மணி நேரம் ஓடவிட்ட பிறகுதான் பணத்தை எடுக்கவேண்டும்.

பாடபேதம் என்னும் தொல்லையும் உண்டு. ஜிடி 1030 என்ற பெயரில் இரண்டு சுவடிகள் உலவுகின்றன. 2017-இல் வந்த மூலப்பிரதியில் ஜிடிடிஆர்5 நினைவகம், நொடிக்கு 48 ஜிபி வேகம். அடுத்த ஆண்டு டிடிஆர்4 போட்டு அதே பெயரில் வந்ததன் வேகம் 16.8. பெட்டிமேல் படமும் பெயரும் மாறாததால் இடைச்செருகலைக் கண்டுபிடிக்கப் பின்பக்கத்துப் பொடி எழுத்தைத்தான் படிக்கவேண்டும். ஆர்எக்ஸ் 580-க்கும் 2048எஸ்பி என்றொரு போலிப்பிரதி உண்டு. உள்ளே இருப்பது ஏறக்குறைய 570.

‘புதுசு போதுமே, ஆர்எக்ஸ் 6400 வாங்கலாமே’ என்பார் சிலர். 2022-இல் வந்தது, 53 வாட், வெளியே தனி வயர் வேண்டாம். ஆனால் மதர்போர்டோடு பேச அதற்கு நான்கு பாதைகள்தான். நான்காம் தலைமுறை பிசிஐஇயில் அது போதும், நம் பெட்டியில் வேகம் இழக்கும். 2024-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3050-இன் 6 ஜிபி பதிப்பு 70 வாட்டில் நிற்கும் உத்தமன். கருவூலம் அதற்கு எட்டாது.

செலவின் நோக்கத்தையும் ஆராயாமல் விடமுடியாது. அரசுப் பொருளைக் கையாட நாற்பது வழிகள் உண்டு என்று கௌடில்யர் கணக்கெடுத்திருக்கிறார். “காலேஜ் புராஜெக்டுக்கு வேணும்பா, மெஷின் லேர்னிங்” என்பது நாற்பத்தொன்றாவது. அவர் காலத்தில் வழக்கில் இல்லை.

அயல்நாட்டோடு நடந்துகொள்ளக் கௌடில்யர் ஆறு குணங்களைச் சொல்கிறார். முதலாவது சந்தி. அதாவது 1080-ஐ 720 ஆக இறக்கி, நிழல்களை அணைத்துச் சமாதானமாகப் போவது. திரையில் வரையவேண்டிய புள்ளிகள் 20,73,600-இலிருந்து 9,21,600 ஆகக் குறையும். பாதிக்கும் கீழே, பைசா செலவில்லாமல். இரண்டாவது விக்கிரகம், போர். வீட்டில் ஏற்கெனவே நடக்கிறது. மூன்றாவது ஆசனம், ஒன்றும் செய்யாமல் இருந்த இடத்தில் இருத்தல். நான்காவது யானம், புறப்பாடு: காலை ரயிலில் பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக்குப் போய்க் கடைகடையாக ஏறி இறங்குவது. ஐந்தாவது சம்சிரயம், வலியவனிடம் அடைக்கலம். நல்ல கம்ப்யூட்டர் வைத்திருக்கும் நண்பன் வீட்டில் பையன் இதைப் பல மாதங்களாகக் கடைப்பிடித்து வருகிறான், சாப்பாடு உட்பட. ஆறாவது துவைதீபாவம்: ஒருவரோடு சமாதானம், இன்னொருவரோடு சண்டை. கார்டைப் பழையதாக வாங்கு, எஸ்எம்பிஎஸ்ஸைப் புதிதாக வாங்கு என்பதே இதன் உரை. நம் ஆய்வு பரிந்துரைப்பதும் அதுதான்.

இம்முடிவு கருவூல அதிகாரியின் முன் வைக்கப்பட்டது. எல்லா முயற்சிக்கும் கருவூலமே முதல் என்பது மூலநூலின் வாக்கு. அவள் அதைப் படித்ததில்லை, தேவையும் இல்லை. “மொதல்ல அந்த கரண்ட் டப்பாவை நல்லதா மாத்துங்க. மிச்சத்துல என்ன கார்டு வருதோ அதைப் போடுங்க” என்றாள். ரூபாயை எண்ணிக் கொடுத்தாள். மெக்கானிக் மதத்துக்குக் கிடைத்த ராஜமுத்திரை.

பையன் அப்போதுதான் வாயைத் திறந்தான். 1050 டிஐயில் விஜிஏ சொருக இடம் கிடையாதாம். ஒரு கன்வர்ட்டர் வாங்கவேண்டும், இல்லையென்றால் அதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறதாம். “அம்மா, மானிட்டரையும் மாத்திட்டா ஒரேயடியா முடிஞ்சிடும்மா.”

அவள் ஆறு குணங்களில் மூன்றாவதைக் கையாண்டாள்.