அப்துல்... அப்புறம்?

என் பெயர் அப்துல் காதர். ஒரே மூச்சில் சொல்லவேண்டிய பெயர். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே மேலாளர் அதை இரண்டாக உடைத்து முன்பாதியை எடுத்துக்கொண்டார். "வாங்க அப்துல், உட்காருங்க அப்துல்." பின்பாதி சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடு இருக்கிறது.

அரபியில் 'அப்து' என்றால் அடிமை. 'அல்' ஒரு சின்ன ஒட்டு. 'காதிர்' என்றால் ஆற்றல் மிக்கவன். அல்லாஹ்வின் 99 திருநாமங்களில் ஒன்று. சேர்த்தால், ஆற்றல் மிக்கவனின் அடிமை. நம் ராமதாஸ் மாதிரிதான். என்ன, அங்கே தாஸ் பின்னால் வருகிறார். 'தாஸ்' என்று கூப்பிட்டாலும் முழு ஆளாக வந்து நிற்பார். அரபியில் அடிமை முன்னால் நிற்கிறான். 'அப்துல்' என்று நிறுத்தினால், அடிமை இருக்கிறான், எசமானைக் காணோம்.

சரி, காதர் என்று மட்டும் கூப்பிடலாமே? எங்கள் பள்ளிவாசல் ஹஸ்ரத் முகம் சுளிப்பார்: அடிமையைக் கழற்றிவிட்டு எசமானின் பெயரை நீ வைத்துக்கொள்வதா? அவர் சொல்வதும் நியாயம்தான். மாதக் கடைசியில் யாராவது என்னை ஆற்றல் மிக்கவனே என்றழைத்தால் எனக்கே சிரிப்பு வந்துவிடும்.

வளைகுடாவில் ஒரு விமான நிலையம். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அரபி அதிகாரி என் பாஸ்போர்ட்டைப் புரட்டினார். ஒரு கட்டத்தில் அப்துல், இன்னொரு கட்டத்தில் காதர். முதல் கட்டத்தில் விரலை வைத்து, "அப்துல்...?" என்று இழுத்தார். புருவம் மேலே போனது. யாருடைய அடிமை என்று கேட்கிறார். அது எனக்கு விளங்காமல், வேலையைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, "அக்கவுண்டன்ட்" என்றேன். சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார்.

பெயர் என் வாப்பாவின் வாப்பாவுடையது. அதன் வேர் பக்தாதில் இருக்கிறது. 1166-இல் அங்கே மறைந்த சூஃபி ஞானி முஹ்யித்தீன் அப்துல் காதிர் ஜீலானி அவர்களின் நினைவாக எங்கள் கடற்கரை ஊர்களில் வீட்டுக்கு ஒரு காதரோ முகைதீனோ இருப்பார். பாட்டன் பெயரைத் தாங்குபவன் பெயரன். அதுதான் பேரன் ஆனது. தமிழுக்கு இது சரி. என் உம்மாவுக்குத்தான் சங்கடம். மாமனார் பெயரைச் சொல்லி எப்படித் திட்டுவது? அடுப்படியிலிருந்து, "அந்தப் பேருள்ளவன் எங்கே தொலைஞ்சான்?" என்று சத்தம் வரும். திண்ணையில் இருக்கும் அப்பா ஒருமுறை கனைத்துக்கொள்வார். (எங்களுக்கு அப்பா என்றால் தாத்தா.)

பெயரை உடைப்பதில் மேலாளரை மட்டும் குறை சொல்ல முடியாது. கீழக்கரை வள்ளல் ஷெய்கு அப்துல் காதிரைத் தமிழ் நாக்கு மென்று மென்று சீதக்காதி ஆக்கிவிட்டது. அதில் ஷெய்கு தெரிகிறார், காதிர் தெரிகிறார். அப்து எங்கே? நடுவில் இருக்கும் அந்தத் 'த'வுக்குள் ஒளிந்திருக்கிறார் என்பது என் சந்தேகம். செத்தும் கொடுத்த மனிதர், பெயரில் ரெண்டு எழுத்தைக் கொடுக்கமாட்டாரா!

எனக்கு ஒரே ஒரு எழுத்து போனது. ஓர் அடையாள அட்டையில் 'ர்' இருந்த இடத்தில் 'ல்' விழுந்து, 'அப்துல் காதல்' என்று அச்சாகி வந்தது. காதலின் அடிமை. திருத்த மனு எழுத உட்கார்ந்தேன். மனைவி பேனாவைப் பிடுங்கிவிட்டாள். "ஒரு அட்டையிலயாவது இருந்துட்டுப் போகட்டும்."

போன வாரம் ஒரு மருத்துவமனையில் காத்திருந்தேன். செவிலியர் வந்து, "அப்துல்!" என்றார். நாலு பேர் எழுந்தோம். "அப்துல்... அப்புறம்?" என்று நான் அவரைக் கேட்க, மற்றவர்கள் ஆளுக்கொன்றாக முடித்தார்கள்: ரஹ்மான், சலாம், ரஷீத். மூவரும் என்னை முந்திக்கொண்டு கதவருகே போய்விட்டார்கள்.

இங்கேதான் இலக்கணம் எனக்குக் கைகொடுத்தது. கடல், கரையோடு சேர்ந்தால் கடற்கரை ஆவதுபோல, அரபியிலும் அந்த 'ல்' சில எழுத்துகளுக்கு முன்னால் உருமாறும். அப்துர் ரஹ்மான், அப்துஸ் ஸலாம், அப்துர் ரஷீத். எங்கள் நால்வரில் காதருக்கு முன்னால் மட்டும் 'ல்' அப்படியே நிற்கும். ஆக, 'அப்துல்' என்று கூப்பிட்டால் முறைப்படி எழுந்திருக்கவேண்டியவன் நான் ஒருவன்தான்.

இதைச் செவிலியரிடம் விளக்கிக்கொண்டிருந்தபோது ரஷீத் உள்ளே போய்விட்டார்.