மாமியாரும் மருத்துவ ஆய்வும்

கோயம்புத்தூரில் இருதயத்துக்கு, முழங்காலுக்கு, முடிகொட்டுவதற்கு, கருத்தரிப்பதற்கு எனத் தனித்தனி ஆஸ்பத்திரிகள் உண்டு. பெற்ற பிறகு அம்மணி காரணமில்லாமல் அழுதால் அதற்கான நிபுணர் வீட்டுத் திண்ணையிலேயே இருப்பார். "ஒண்ணுமில்லீங், கண்ணு பட்டிருக்கும். மொளகா சுத்திப் போடுங்." டோக்கன் வேண்டாம், ஃபீஸும் இல்லை.

வேலூர்ப் பக்கம் கணியம்பாடி வட்டாரத்துத் தாய்மாரிடம் நடந்த ஆய்வு 2002இல் பிரிட்டிஷ் மனநல இதழில் வந்தது. பிரசவத்துக்குப் பின் 11 சதவீதம் பேருக்குப் புதிதாக மனச்சோர்வு. காரணிகள்: குறைந்த வருமானம், மகனை எதிர்பார்த்து மகள் பிறந்தது, மாமியாருடன் மனக்கசப்பு. லண்டன் வரை போயிருக்க வேண்டாம். பொள்ளாச்சிச் சந்தையில் கேட்டிருந்தால் கொசுறாகவே சொல்லியிருப்பார்கள்.

தாயையும் சேயையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளும் மனநலப் பிரிவு பெங்களூரு நிமான்ஸ் மருத்துவமனையில் 2009 முதல் இருக்கிறது. மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையைச் சிகிச்சையில் உள்ள தாயிடமிருந்து பொதுவாகப் பிரிக்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டமே சொல்கிறது. சட்டத்துக்கு இருக்கும் இரக்கம் தொட்டிலுக்குப் பக்கத்தில் வந்து சேர நாளாகும் போல.

பெங்களூரு வரை போக முடியாதவர்களுக்கு அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் இருக்கிறது: 14416. இலவசம், இரவு பகல் எந்நேரமும், தமிழிலேயே பேசலாம். பச்சை உடம்புக்காரி போன் பார்த்தால் கண் கெட்டுவிடும் என்று அதை மட்டும் பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள்.