தட்டிப் பாத்தியாலே?

ஏலே மக்கா, படகு வாங்கிட்டேன்னு முட்டாயி நீட்டுனியே, சந்தோசம். எத்தன வருசத்துப் படகுன்னு கேட்டா, "சூப்பர் கண்டிசன் தாத்தா"ங்க. நான் வயசக் கேக்கேன், நீ அழகச் சொல்லுத. பொண்ணு பாக்கப் போனவன் பலகாரத்தப் பத்தியே பேசிட்டு வந்த கததான்.

அணியத்துல மாதா படம் இருக்கு. பேரு செவப்புல எழுதியிருக்கு. மேலெல்லாம் நீலப் பெயிண்டு பளபளன்னு மின்னுது. எல்லாஞ் சரி. பின்னால போயிப் பாத்தியா? மாட்டப் பல்லப் புடிச்சுப் பாத்து வாங்குன பயலுவ நாங்க. படகுக்குப் பல்லு அமரத்துல இருக்கு. மிஷின் மாட்டுற பின்பலக இருக்குலா, அதுதான். நீ அத ட்ரான்சம்ங்க. இங்கிலீசுல பேரு வச்சா மக்காதோ?

"ஃபைபர் படகு தாத்தா, மக்குறதுக்கு என்ன இருக்கு?"ன்னு சிரிக்க. சிரி, சிரி. அந்தப் பலகைய ஃபைபர்னா நெனச்ச? வெளிய ஒரு தோலு ஃபைபரு, உள்ள ஒரு தோலு ஃபைபரு, நடுவுல இருக்கது பிளைவுட்டு. பட்டுச்சேல கட்டுன மரக்கட்டைன்னு வச்சுக்கோ. மிஷினத் தாங்குறது அந்தக் கட்டைதான். 9.9 குதிரை மிஷினுன்னா வெறும் கனம் மட்டுமில்ல. கீழ புரொப்பல்லர் படக முன்னால உந்தும், மேல கிளாம்பு பலகையப் பின்னால புடுங்கும். நாள் முச்சூடும் இந்த இழுபறிதான். உள்ள கட்ட மக்கிப்போச்சுன்னா வெறும் தோலு எத்தன நாளைக்குத் தாங்கும்? நடுக்கடல்ல மிஷினு மட்டும் தனியா முங்குளிக்கப் போயிரும்.

எங்க காலத்து வள்ளத்துல இந்தத் திருட்டு கெடையாது. மரம் மரமாவே கண்ணுக்குத் தெரியும். சுறா எண்ணெயத் தேச்சு வச்சிருப்போம், நாத்தம் ரெண்டு தெரு தாண்டி அடிக்கும். சந்தேகம் வந்தா வள்ளங் கெட்டுற ஓடாவி உளிய எடுத்து ஒரு குத்து. உளி எறங்குனா பலகைய மாத்து, எறங்கலியா, இடுக்க அடச்சுக் கலப்பத்துப் பாத்துக் கடல்ல தள்ளு. 2004 சுனாமிக்குப் பெறவு கரையெல்லாம் ஃபைபரா வந்து எறங்குச்சு. லேசு, வேகம், செலவு கம்மி. நான் கொற சொல்லல. ஆனா மக்குறது மட்டும் கண்ண விட்டு மறைஞ்சு போச்சு. அத்திப்பழத்தப் புட்டுப் பாத்தாத்தான சொத்த தெரியும்?

கடல்தண்ணிதான் கெடுத்துச்சுங்கான் ஊருப்பய. கருவாடு ஏன்லே கெடாம இருக்கு? உப்புலதான. மரத்தத் திங்குற பூஞ்சக் காளானுக்கு உப்பு ஆவாது, மழத்தண்ணிதான் விருந்து. ஐப்பசி கார்த்திகையில படகக் கரையேத்தி, காத்துப் போவ வழியில்லாம தார்ப்பாய இறுக்கிக் கெட்டுவான் பாரு ஒருத்தன், அவன் படகுதான் முதல்ல மக்கும். வேர்த்து வேர்த்தே மக்கும்.

சரி, தண்ணி உள்ள போன வழி எது? மனுசன் போட்ட ஓட்டைதான். மிஷினு போல்ட்டுக்கு ஓட்ட, தண்ணி வடியுற பிளக்குக்கு ஓட்ட. இப்ப புதுசா, மீனு எங்க நிக்கின்னு காட்டுற கருவி ஒண்ணு மாட்டுதானுவ, அதுக்கு நாலு ஸ்குரு. மீனக் காட்டுச்சோ இல்லியோ, தண்ணிக்கு வழியக் காட்டிட்டு. சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்த கததாம்லே.

கண்டுபுடிக்க ஒரு மீட்டரு வாங்கப் போறேன்னு சொன்னியே, ஈரம் பாக்குற மீட்டரு. வெல என்ன? அந்தக் காசுக்கு மீன் கொழம்பு வச்சுத் தின்னு. தேங்காக் கடையில என்ன செய்யுத? சுண்டிப் பாக்க. அம்பது ரூவா தேங்காயச் சுண்டுத, லட்சம் எண்ணிக் குடுத்த படகச் சுண்ட மாட்டியோ? சுத்தியலப் பின்னால திருப்பிப் புடி, காம்பால பலக முழுக்கத் தட்டு. டக்கு டக்குன்னு கெட்டியாக் கேட்டா மரம் உசுரோட இருக்கு. பொத்து பொத்துன்னு கேட்டா அது பொணம். வலது கீழ் மூலையிலேர்ந்து ஆரம்பி. ஏன்னா கேக்க? சும்மாதான்.

இன்னுஞ் சந்தேகமா? உள்பக்கம் கீழ ஒரு சின்னத் தொள போடு. வார தூளக் கையில எடு. வெளுப்பா, காஞ்சு பறந்தா மாதாவுக்கு ஒரு மெழுகுதிரி ஏத்து. காப்பி சக்க மாதிரி கறுப்பா, ஈரமா வந்தா எனக்கு ஒரு காப்பி வாங்கிக் குடு. மேல பேசுவோம்.

அதுக்குள்ள எவனோ வீடியோவுல சொன்னானாமே, தொள போட்டு ஊசியால ரெசினு ஏத்துனா மரம் பொழச்சிக்கும்னு? செத்தவனுக்கு குளுக்கோஸ் ஏத்தி எந்திரிச்சு நின்னத நீ எங்கயாச்சும் பாத்திருக்கியா? தண்ணி குடிச்சு ஊதிப்போன மரம் ரெசின எங்க குடிக்கும்? வயிறு நெறஞ்சவன் முன்னால பந்தி போட்ட மாதிரிதான்.

வெட்டணும் மக்கா, வேற வழியில்ல. மிஷினக் கழத்து. உள்பக்கத் தோல மட்டும் அறு, வெளித்தோலத் தொடாத. படகு வடிவத்தப் புடிச்சு வச்சிருக்கது அதுதான். அறுக்குமுன்ன மூக்க மூடு, முழுக்கைச் சட்ட போடு. அது கண்ணாடித்தூளு. சொகமாச் சொறிஞ்சுக்கிட்டே ரெண்டு ராத்திரி முழிச்சிருக்க ஆசன்னா பனியனோட நில்லு. பெறவு உளிய வச்சுத் தோண்டு. மரம் புட்டு மாதிரி உதிரும். நல்ல மரம் வந்துட்டுன்னு அங்கனயே நிக்காத. அதத் தாண்டி நாலு விரக்கட எடு. பாதி நல்லாருக்குன்னு பாதிய விட்டு வச்சவன் மறுவருசமும் அங்கனயேதான் குந்தியிருப்பான். முழுசா எடுத்துட்டா இன்னும் நல்லது. எடுத்துட்டுக் காய விடு. அவசரப்படாத, வெயிலுக்குக் கூலி கெடையாது.

புதுப் பலகைக்குக் கடைக்குப் போனா "வாட்டர் புரூப்"னு ஒண்ணத் தள்ளுவான். அது அடுக்களை அலமாரிக்கு. ஐஎஸ் 710 முத்திர இருக்கான்னு பாரு, மரைன் பிளைவுட்டு. 72 மணி நேரம் கொதிக்கிற தண்ணியில போட்டாலும் ஒட்டு விடக்கூடாது, அதுதான் சட்டம். பழசு எத்தன தடிமன்னு அளந்துட்டுப் போ. 18 மில்லியில ரெண்டு பலக ஒட்டுனா 36 வரும், சின்னப் படகுக்கு அனேகமா அதுதான் கணக்கு. அறுத்த ஓரத்துல ரெசின ஊட்டு, திருப்பியும் ஊட்டு. பிளைவுட்டுக்கு வாயே ஓரத்துலதான.

ரெசினு வாங்குறதுலயும் ஒரு சேதி. படகு செஞ்சது பாலியெஸ்டர்ல. அது சல்லிசு, பழைய தோலுல அவ்வளவாப் புடிக்காது. எப்பாக்சி வெல கூட, ஆனா புடிச்சா உடும்பு. சொன்ன அளவுக்குக் கல. சீக்கிரம் காயட்டும்னு ஹார்டனரக் கூட ஊத்துனா எப்பாக்சி காயாது, பிசினா நிக்கும். ஒரு வாளி நெறையக் கலக்கி வச்சிட்டு டீ குடிக்கப் போனியோ, வந்து பாக்கையில வாளி பொகஞ்சுக்கிட்டு இருக்கும். நான் பாத்திருக்கேன். வாளி யாருதுன்னு கேக்காத.

புதுப் பலகைய ஒட்டுன பெறவு, அது படகோட சேருற மூலைய நறுக்குன்னு விடாத. கண்ணாடிப்பாயி மடிக்கச் சொன்னா மடங்காது, நடுவுல காத்த வச்சிட்டு நிக்கும். மாவுக் கூழு மாதிரி ரெசினக் கெட்டியாக்கி, மூலையில பெருவெரலால வளைச்சு இழு. அதுக்கு மேல பாய விரி. பலகையோட நிறுத்தாம பக்கத்துலயும் அடியிலயும் சாணளவு ஏத்தி ஒட்டு.

கடசியா மிஷினு மாட்டுத. ஓட்ட போடுத. எல்லாப் பயலும் கோட்ட விடுறது இங்கனதாம்லே! போல்ட்ட விடப் பெருசா ஒரு ஓட்ட போடு. அத ரெசினு கூழால அடச்சிரு. காஞ்ச பெறவு அதுக்கு நடுவுல போல்ட்டு அளவுக்கு இன்னொரு ஓட்ட. இப்பம் போல்ட்டு மரத்தத் தொடுமா? தொடாது. தண்ணி கசிஞ்சாலும் மரத்துக்குத் தெரியாது. பெறவு சீலண்ட வச்சு முறுக்கு. அர மணி நேர வேல. அதச் செய்யாம விட்டதுக்குத்தான் ஒருத்தன் ஒரு மாசம் சொறிஞ்சுக்கிட்டு நிக்கணும்.

இதையெல்லாஞ் செய்ய மனசில்லாதவன் என்ன செய்வான் தெரியுமா? புட்டியப் பூசி, மேல பெயிண்ட அடிச்சு, படகப் புரோக்கர் கையில குடுத்துருவான். முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்க முடியாதுங்காவ. நீல பெயிண்டுல மறைக்கலாம்லே, நல்லாவே மறைக்கலாம்.

என்னலே அப்பிடி முழிக்க? புரோக்கரு உனக்கு யாரு படகுன்னு சொல்லலியா? சரி சரி, முட்டாயத் திருப்பிக் கேக்காத, வாயில போட்டாச்சு. போயி வலது மூலையத் தட்டிப் பாரு. சாயங்காலம் உளிய எடுத்துக்கிட்டு நானே வாரேன். மூணு கோட்டு அடிச்ச கை இது, இன்னும் வலிக்குது. சொரண்டுற வேலைய நீ பாத்துக்கோ.